நூற்றைம்பதும் அறுநூறும்

இரண்டு மணி நாற்பது நிமிடம் மீதம் என்றது திரை. பத்து இருபதுக்கும் அதையே சொன்னது, பத்து இருபத்தைந்துக்கும் அதையே சொல்கிறது, அப்படியானால் நடுவில் இருந்த ஐந்து நிமிடத்தை எந்தக் காக்கா தூக்கிக்கொண்டு போனது என்று செண்பகவல்லி கேட்டாள். வாய் திறந்து கேட்கவில்லை, கேட்டாலும் பதில் சொல்ல அந்தக் கண்ட்ரோல் ரூமில் இரண்டு கம்ப்யூட்டரையும் சுவரில் தொங்கும் சரஸ்வதி காலண்டரையும் தவிர வேறு ஆள் கிடையாது. பச்சைப் பட்டையை உற்றுப் பார்த்தால் நகர மாட்டேன் என்கிறது, தலையைத் திருப்பினால் ஒரு நெல் அளவு நகர்கிறது, அடுப்பில் வைத்த பாலுக்கும் இதே புத்திதான். நேற்றுச் சாயங்காலம் நடந்த பெண்கள் ஹாக்கி இறுதியாட்டம் அந்தப் பட்டைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றரை மணி நேர ஆட்டம், தொண்ணூற்றாறு ஜிபி, கேமரா டிஸ்க்கிலிருந்து ஒளிபரப்பு கம்ப்யூட்டரின் டிஸ்க்குக்குள் இறங்கி முடிந்தால்தான் பன்னிரண்டரை மணிக்குக் கோவில்பட்டி முழுக்க உள்ளூர் சேனலில் போகும். நல்ல நாளில் இது டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. இன்று ஒன்பது ஐம்பதுக்கு ஆரம்பித்து இன்னும் கால்வாசிகூடத் தாண்டவில்லை, இந்தப் போக்கில் போனால் ஒன்று ஐந்து ஆகும், ஒன்று ஐந்துக்கு யார் பார்ப்பார்கள், பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் தீப்பெட்டி ஆபீஸில் மறுபடி வேலைக்குக் குனிந்திருப்பார்கள். பக்கத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்தான் பத்து நாளாகச் சேனலை ஓட்டுகிறது, பாவம், பக்திப் பாட்டும் ஜவுளிக்கடை விளம்பரமுமாக மூச்சு வாங்கிக்கொண்டு ஓட்டுகிறது, அதில் போய் இந்த ஆட்டத்தைப் போட்டால் பந்து மைதானத்தின் பாதியிலேயே நின்றுவிடும். ஏசி காற்று கழுத்தில் பட்டது. எங்கிருந்தோ சந்தன வாசம் வந்தது, காலண்டருக்குப் போட்ட மாலையாக இருக்கும், அது காய்ந்து சருகாகி நாளாயிற்று.

"செண்பகம், திருமங்கலம் தாண்டிட்டாராம்மா" என்று வெளி ரூமிலிருந்து தவசிலிங்க அண்ணாச்சி குரல் கொடுத்தார். சேனலின் முதலாளி அவர். தாண்டியவர் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும் ஜெயசீலன் என்கிற இன்ஜினியர். "சரிங்கண்ணாச்சி" என்றாள், குரல் நன்றாகத்தான் வந்தது, அதுவே அவளுக்கு ஆச்சரியம். திருமங்கலம், அடுத்து விருதுநகர், அடுத்து சாத்தூர், அப்புறம் இங்கே, பதினொன்று ஐம்பதுக்கெல்லாம் ஆள் வாசலில் செருப்பைக் கழற்றுவார். இன்று காலையில்தான் அண்ணாச்சி சொன்னார், அதுவும் திட்டிச் சொல்லியிருந்தால் தேவலை, திட்டினால் திருப்பி நாலு வார்த்தை மனசுக்குள்ளாவது சொல்லிக்கொள்ளலாம், அவர் அன்பாகச் சொன்னார். மதுரைக்காரர் வந்து சரி பண்ணிட்டார்னா அவரையே நிரந்தரமா வச்சுக்கிடுவோம்மா, ஒனக்கு எதுக்கு இந்தத் தலைவலி, முன்ன மாதிரி பில் கவுண்டர்ல உக்காந்துக்கோ. பில் கவுண்டர். பதின்மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் கம்பி ஜன்னலுக்குப் பின்னால்தான் வந்து உட்கார்ந்தாள், கேபிள் சந்தா ரசீது கிழித்துக் கிழித்துக் கட்டைவிரல் நகம் நீலமாகவே இருந்தது, இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் கண்ட்ரோல் ரூமில் இருந்த ஆபரேட்டர் சொல்லாமல் கொள்ளாமல் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டான், அன்றைக்குத் திரை நீலமாகி ஊரே போன் அடித்தபோது இவள்தான் ரசீதுப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். ஆபரேட்டருக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் தோளுக்கு மேலே பார்த்துவைத்ததுதான் படிப்பு. பதினேழு நிமிடத்தில் படம் வந்தது. அண்ணாச்சி அப்படியே அந்த நாற்காலியைக் காட்டி, உக்காரும்மா என்றார். இதே நாற்காலி, வலது கைப்பிடியில் ரெக்ஸின் கிழிந்து பஞ்சு தெரிகிறது, பத்து நாளாக அந்தப் பஞ்சைப் பிடுங்கிப் பிடுங்கிப் பாதியைத் தீர்த்துவிட்டாள்.

கை தானாக அந்தச் சின்ன ஜன்னலைத் திறந்தது, டிஸ்க்கின் நாடி பார்க்கிற மென்பொருள், திறந்தால் என்ன இருக்கும் என்று தெரியும், தெரிந்தும் திறந்தாள், வலிக்கிற பல்லை நாக்கு தொடாமல் இருக்குமா. இரண்டு எண்கள், நடுவில் ஒரு கோடு. 150, 600. இப்போது ஓடுகிற வேகம் நூற்றைம்பது, ஓடக்கூடிய வேகம் அறுநூறு. டிஸ்க்கில் குறையில்லை, மதர்போர்டிலும் குறையில்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பாதையில்தான் ஏதோ வில்லங்கம், கதவு அகலமாக இருந்தும் ஒருக்களித்துத்தான் நுழைவேன் என்கிறது. அந்த நூற்றைம்பதும் முழுசாக வருவதில்லை, கீழே இன்னொரு எண் இருக்கிறது, வழியில் சிதைந்துபோய் 'மறுபடி அனுப்பு' என்று கேட்டு வாங்கியது எத்தனை தடவை என்கிற எண், காலையில் 41,306 இருந்தது, இப்போது 41,512. சொன்னதையே சொல்லிச் சொல்லிப் போகிறது, வீட்டில் இவள் பேசுவதும் இதே லட்சணம்தான், புருஷன் அய்யாத்துரைக்கு எதையும் மூன்று தரம் சொல்ல வேண்டும், முதல் தரம் டிவி சத்தத்தில் போகும், இரண்டாம் தரம் என்னது என்பார், மூன்றாம் தரம் ஏன் கத்துதே என்பார். நேற்று அவரிடம் கவுண்டர் விஷயம் வரும்போலிருக்கிறது என்று முன்கூட்டியே சொன்னாள். அதுக்கென்ன, ஃபேனுக்குக் கீழ உக்காரலாம்ல என்றார். கெட்ட மனுஷர் இல்லை. பத்து நாளாக அவள் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டாள், டிரைவரை அழித்துப் புதுசாகப் போட்டாள், போர்டில் ஒன்றாம் நம்பர் துளையிலிருந்து இரண்டுக்கும் இரண்டிலிருந்து மூன்றுக்கும் மாற்றினாள், டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கிற கேபிளை மாற்றினாள், புதுக் கேபிளும் அப்படியே இருக்க இன்னொரு புதுக் கேபிள், அதுவும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கை, அதில் இருந்த பூஜைப் பொட்டு மேலே பார்க்கும்படி பதமாக வெளியே எடுத்து, அதேபடி பதமாக உள்ளே வைத்தாள். மூன்று கேபிளும் கெட்டதாகவா இருக்கும்? மூன்று துளையும் கெட்டதா? ஊரே கெட்டது நான் மட்டும் யோக்கியம் என்று யாராவது சொன்னால் யாரைச் சந்தேகப்பட வேண்டும். ஜெயசீலன் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார், டிஸ்க் போயிருச்சு சார், ஆபரேட்டருக்கு ஹேண்டில் பண்ணத் தெரியல. ஸ்பீக்கரில் போட்டிருந்தார் அண்ணாச்சி, அணைக்க மறந்துவிட்டார்.

போன் அடித்தது. "யம்மா, டிவி ஆபீஸா? நான் மாடத்தி பேசுதேன், கோலியா நின்னுச்சுல்ல அனுசியா, அவ அம்மா." பின்னால் பெண்கள் பேச்சும் தீக்குச்சி அடுக்கும் கட்டைச் சட்டங்கள் இடிபடும் சத்தமும் கேட்டன. "பன்னெண்டரைக்குத்தான மேட்ச்சு? எங்களுக்குப் பன்னெண்டரைலருந்து ஒரு மணி வரைக்கும்தான் சாப்பாட்டு நேரம். எதுத்த டீக்கடைல டிவிய வெளிய தூக்கி வைக்கச் சொல்லிருக்கோம். நேத்து எனக்கு லீவு தரமாட்டேன்னுட்டாவ, எம் மக ஆடுனத நான் இன்னும் பாக்கல." செண்பகவல்லி பன்னிரண்டரைதான் என்று சொல்லிவிட்டாள், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள், எந்தத் தைரியத்தில் சொன்னோம். "அன்னிக்கு மாதிரி நடுவுல படம் கல்லாட்டம் நிக்காதுல்லம்மா?" என்றது அந்தக் குரல். அதற்குப் பதில் சொல்வதற்குள் யாரோ கூப்பிட, மாடத்தி போனை வைத்துவிட்டாள். அந்த இடிபடும் சத்தம் காதிலேயே நின்றது. எட்டாவது லீவில் இவளும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயிருக்கிறாள், கட்டை அடுக்கவில்லை, பெட்டி ஒட்டினாள், மைதாப் பசையைத் தொட்டுத் தொட்டு ஒட்டினால் முதல் நாள் ஒன்றும் தெரியாது, மூன்றாம் நாள் விரல் நுனியில் பசை காய்ந்து ஒரு தோல் மாதிரி ஏறிவிடும், அப்புறம் தொட்டால் தாள் எது பெட்டி எது என்று விரலுக்குத் தெரியாது, தடவிக்கொண்டே இருக்க வேண்டும், கை மெதுவாகிவிடும். அவள் மெதுவானதைப் பார்த்துவிட்டு மேஸ்திரி என்ன திட்டுத் திட்டினார். கைக்கு ஒன்றும் ஆகவில்லை, பசைதான், வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் அன்று சாயங்காலமே பழைய வேகம். அம்மா தேய்த்துவிட்டாள். சொரசொரவென்று தேங்காய் நார். பசை உரிந்து வரும்போது விரல் நுனி சில்லென்று இருக்கும், புதுசாக ஒரு விரல் முளைத்தாற்போல.

பசை. அந்த வார்த்தை போகாமல் நின்றது, முள்ளில் மாட்டின முந்தானை மாதிரி இழுத்தாலும் வரவில்லை. பசை, காய்ந்த பசை, எதற்கு இப்போது அது. சந்தன வாசம் மறுபடி வந்தது. காலண்டரிலிருந்து வரவில்லை, காலண்டர் இடப்பக்கம் இருக்கிறது, வாசம் வலப்பக்கத்திலிருந்து, கீழேயிருந்து, வெதுவெதுப்பாக வருகிறது. அவள் குனிந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் காற்றாடி ஊதும் சூட்டுக் காற்றில் மூக்கை வைத்தாள். பூஜை ரூம் மாதிரி மணத்தது. பத்து நாளாக மணக்கிறது, பத்து நாளாக மாலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், மூக்குக்குத் தெரிந்தது மண்டைக்கு எட்டவில்லை. போன வாரத் திங்கட்கிழமை ஆயுத பூஜை. செவ்வாய் விஜயதசமி. படம் முதல் தடவை நின்றது என்றைக்கு? செவ்வாய் சாயங்காலம். வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே என்று அவளே அவளைத் தடுத்தாள், பூஜையைக் குற்றம் சொல்கிற மாதிரி நினைப்பே வரக் கூடாது, அதுவும் தெற்றுப்பல் தெரியச் சிரித்துக்கொண்டு அண்ணாச்சி தன் கையால் சந்தனம் கரைத்த பூஜையை. ஆனால் நினைப்பு கேட்கவில்லை, அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் நெற்றியில் வைப்பது மாதிரி வெளிப்பெட்டியில் பொட்டு வைத்தாயிற்று, கேமராவுக்கு, ஸ்டாண்டுக்கு, தண்ணீர் மோட்டாருக்கு. அண்ணாச்சி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். என்னம்மா தகரப் பெட்டிக்குப் பொட்டு வச்சிக்கிட்டு, பெட்டியா வேல செய்யுது, உள்ள இருக்கதுதான செய்யுது, அதுக்கு வைம்மா. நியாயமாகத்தான் பட்டது. திருகைக் கழற்றி, உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்த டிஸ்க்கை வெளியே எடுத்து, வாழை இலையில் வைத்து, நடுவில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, கண்ணில் ஒற்றி. அப்புறம்? மறுநாள் காலை புனர் பூஜை முடிந்து கற்பூரம் காட்டி, இன்னொரு விரல் சந்தனம் தொட்டு வைத்து. அப்புறம் கேபிளைச் சொருகினாய். எந்தக் கையால்? சந்தனம் வைத்த கையால். துடைத்தாயா? ஞாபகமில்லை, அண்ணாச்சி சுண்டல் நீட்டினார், இடது கையில் வாங்கினாள், வலது கையால்தான் சொருகியிருக்க வேண்டும்.

"விருதுநகர் வந்துட்டாராம்மா!" என்றது வெளியிலிருந்து குரல். மணி பத்து ஐம்பது. பொட்டு மேலே பார்க்கும்படி எடுத்தாய், பொட்டு மேலே பார்க்கும்படி வைத்தாய், பத்து நாளில் ஒரு தரமாவது அதைக் கவிழ்த்துப் பார்த்தாயா? பார்க்கவில்லை, பொட்டு வைத்த பொருளை யார் கவிழ்ப்பார்கள், அபசகுனம் இல்லையா, கவிழ்க்கக் கூடாது என்று நினைத்துக்கூட இல்லை, கை தானாகவே அப்படிப் பழகிக் கிடக்கிறது. கேபிள் போய்க் கடிக்கிற தங்கப் பற்கள் அடிப்பக்கம் பார்த்து இருக்கின்றன. மூன்று கேபிளை மாற்றினேன், மூன்றையும் அதே வாயில்தான் கொண்டுபோய்ச் சொருகினேன், அந்த வாயைத் திறந்து பார்க்கவில்லை. சரி, பார்ப்போம் என்றால் கம்ப்யூட்டரை அணைக்க வேண்டும், அணைக்க வேண்டுமென்றால் இறங்கிக்கொண்டிருக்கிற ஆட்டத்தைப் பாதியில் அறுக்க வேண்டும். முப்பத்திரண்டு சதவீதம். ஒரு மணி நேரமாக அரிசி அரிசியாகப் பொறுக்கிச் சேர்த்தது. அறுத்துவிட்டு, திறந்து பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்றால் அவ்வளவுதான், இன்றைக்கு ஆட்டமே கிடையாது, ஜெயசீலன் வாசலில் நிற்பார், ஓடிக்கொண்டிருந்ததையும் நிறுத்திட்டீங்களா மேடம் என்பார், அண்ணாச்சி அதே அன்பான குரலில் கவுண்டர் சாவியை எடுத்துக் கொடுப்பார். அறுக்காமல் விட்டால்? ஒன்று ஐந்துக்கு இறங்கி முடியும், ஓட்டினால் திக்கித் திக்கி ஓடும், டிஸ்க் போச்சு என்பார்கள், டிஸ்க்தான் போச்சு, உன்னை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஃபேனுக்குக் கீழே உட்காரலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்பதுதான் அவளுக்கு ஆகவில்லை. விரல் ரத்து என்கிற இடத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது, எப்போது போய் நின்றதென்று தெரியவில்லை. எம் மக ஆடுனத நான் இன்னும் பாக்கல. தாயே, தப்பாக இருந்தால் என்னை அடி, பூஜையைக் குற்றம் சொல்லவில்லை, என் கையைத்தான் சொல்கிறேன் என்று காலண்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டு அழுத்தினாள்.

பட்டை மறைந்தது. கம்ப்யூட்டரை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, பக்கத் தகட்டைக் கழற்றினாள், சந்தன வாசம் முகத்தில் அடித்தது. டிஸ்க்கை எடுத்தாள். பொட்டு அப்படியே இருந்தது, சந்தனம் வெடித்து, குங்குமம் கொஞ்சம் கருத்து. கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம், முப்பத்தொன்பது வருஷத்துப் பழக்கம் மணிக்கட்டைப் பிடித்து இழுக்க இழுக்க, கவிழ்த்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ஏழு பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான் மின்னின. மீதி மூன்றின் மேல் மஞ்சளாக ஒரு பூச்சு காய்ந்து கிடந்தது, அதன் ஓரத்தில், கடுகில் பாதிகூட இல்லை, சிவப்பாக ஒரு பொடி. பாவி, நீயாடி என்று சொன்னாள், குங்குமத்தைச் சொன்னாளோ தன்னைச் சொன்னாளோ தெரியாது. உடனே சிரிப்பு வந்தது. கழற்றின கேபிளின் வாயைப் பார்த்தாள், அதிலும் மஞ்சள். மேஜை டிராயரில் கிடந்த மற்ற இரண்டு கேபிளையும் எடுத்துப் பார்த்தாள், அவற்றிலும். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம் பூசி அனுப்பியிருக்கிறாள், கல்யாண வாசலில் நின்று வரவேற்கிற பெண் மாதிரி. புதுசு இனி எங்கே போய் வாங்குவது, கடைக்குப் போய் வர அரை மணி ஆகும். யோசிக்கும்போதே கை கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது, மேலே டிவிடி டிரைவ் ஒன்று இருக்கிறது, டிவிடி போட்டே வருஷக்கணக்காகிறது, அதற்கும் ஒரு கேபிள் இதே சாதியில் உண்டு, சந்தனம் எட்டிப் பார்க்காத கேபிள். அதைப் பிடுங்கினாள்.

லென்ஸ் துடைக்கிற ஸ்பிரிட்டைத் துணியின் நுனியில் தொட்டு, ஒவ்வொரு பல்லாக, மேலிருந்து கீழாக. முதல் துடைப்பில் துணி மஞ்சளானது. இரண்டாவதில் வெளிர் மஞ்சள். இடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்த குங்குமம் மட்டும் வரமாட்டேன் என்றது, பென்சில் ரப்பரின் கூரான ஓரத்தால் தள்ளித் தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இதற்குத் தேங்காய் நார் ஆகாதம்மா என்று செத்துப்போன அம்மாவிடம் சொல்லிக்கொண்டு. ஏழும் மின்னின. பொட்டைத் தொடவில்லை, பொட்டு இருந்தபடியே இருக்கட்டும், அது என்ன செய்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்து, அதுவும் போதாதென்று ஊதி, அப்புறம்தான் கேபிளைத் தொட்டாள். சொருகும்போது டக் என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது, முன்பெல்லாம் வந்ததா என்று நினைவில்லை. பட்டனை அழுத்தினாள். காற்றாடி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது, இருந்தது, இன்னும் இருந்தது, கணேசா, பழனியாண்டவா, செண்பகவல்லித் தாயே, உன் பேரைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். எழுத்து வந்தது. படம் வந்தது. அந்தச் சின்ன ஜன்னலைத் திறந்தாள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்த்தாள். 600, 600. மூடின கண்ணையும் திறந்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அறுநூறு, அந்தப் பக்கமும் அறுநூறு. ஆட்டத்தை எடுத்து மறுபடி இறக்கினாள். நான்கு நிமிடம் மீதம் என்றது திரை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டை ஓடியது, உற்றுப் பார்த்தும் ஓடியது, முறைத்துப் பார்த்தும் ஓடியது. முப்பத்திரண்டு சதவீதத்தை அது தாண்டினபோது அவள் எழுந்து நின்றாள், அதற்கு மேல் நாற்காலி அவளைத் தாங்கவில்லை. ஒரு மணி நேரம் தின்ற தூரம், எண்பது நொடிகூட ஆகவில்லை. கீழே அந்த இன்னொரு எண்ணைப் பார்த்தாள். 41,872. இது அழியாது, டிஸ்க் உள்ளவரைக்கும் அதன் தலையெழுத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஏறவில்லை. இமைக்காமல் பார்த்தாள். ஏறவே இல்லை.

"அண்ணாச்சி!" என்று கூப்பிட்டது தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் போனைக் காதில் வைத்தபடியே ஓடிவந்தார், எங்கேயாவது தீப்பிடித்துவிட்டதோ என்கிற முகம். திரையைப் பார்த்தார். பட்டை நூறைத் தொட்டு மறைந்தது. அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார், மஞ்சள் துணியைப் பார்த்தார். சொல்லாமல் விடலாம், கேபிள் லூஸ் அண்ணாச்சி என்று ஒரு வார்த்தையில் முடிக்கலாம், நல்ல பொய்தான், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பத்து நாள் அலைந்து தானே கண்டுபிடித்ததைப் பாதியாகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "நான் வச்ச சந்தனந்தான் அண்ணாச்சி. ஈரக் கையோட சொருகிட்டேன். அடிப்பக்கத்துல போயி அப்பிக்கிட்டு. பொட்டு வச்சதாச்சேன்னு நானும் கவுத்தே பாக்கல." அண்ணாச்சி அந்தத் துணியை வாங்கி முகர்ந்தார். காலண்டரை ஒரு பார்வை பார்த்தார். "ஏ அம்மா" என்றார், தெற்றுப்பல் வெளியே வந்தது, "நெத்தியில வைக்கச் சொன்னா வாயில அடச்சி வச்சிருக்கோமே. பத்து நாளா சாமி எப்படிப் பேசும்?" சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார், சிரித்து முடித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வருசம் தகரப் பெட்டியோட நிப்பாட்டிக்கிடுவோம். நாந்தான் உள்ள வைன்னு சொன்னேன், ஒன்னயச் சொல்லிக் குத்தமில்ல" என்றார். போனிலிருந்து சார், சார் என்று ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், போனை அவளிடம் நீட்டினார். "நீயே சொல்லும்மா. இது ஒன் ரூம்."

"சொல்லுங்க சார், செண்பகவல்லி பேசுறேன்." பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே ஜெயசீலன், சாத்தூர் வந்தாச்சு மேடம், எதையும் தொடாம அப்படியே வைங்க, நான் வந்து பாத்துக்கிறேன் என்றார். எதையும் தொடாமல். அவள் தன் விரல்களைப் பார்த்தாள், நகக்கண்ணில் இன்னும் மஞ்சள் இருந்தது. "தொட்டுட்டேன் சார். சரியாயிருச்சு. டிஸ்க் நல்லா இருக்கு, அறுநூறுல ஓடுது." அவளுக்குக் கருணை வந்தது, அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தவர். "சாத்தூர்லயே எறங்கிருங்க சார். காராச்சேவு சூடா போட்டுக்கிட்டு இருப்பாங்க, வீட்டுக்கு வாங்கிட்டு அப்படியே மதுரை பஸ்ஸப் பிடிச்சிருங்க." அண்ணாச்சி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

பன்னிரண்டு இருபத்தொன்பது ஐம்பத்தைந்துக்கு விரல் பட்டன் மேல் இருந்தது, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அழுத்தினாள். மைதானம் வந்தது, செம்மண் புழுதி, நீலச் சட்டையும் மஞ்சள் சட்டையும், கம்பத்துக்கு நடுவே தலைக்கவசத்துக்குள் ஒரு சின்ன முகம். அவள் பஞ்சைப் பிடுங்கவில்லை. கைகள் மடியில் சும்மா கிடந்தன, சும்மா கிடப்பது அவற்றுக்கே புதுசாக இருந்தது. பத்தொன்பதாவது நிமிடத்தில் ஒரு பெனால்டி வரும் என்று கேமராக்காரர் சொல்லியிருந்தார், அனுசியா தடுத்தது, அங்கே நின்றுவிட்டால் எல்லாம் போச்சு, பந்து கிளம்பிக் கம்பத்துக்கு வருகிற அந்த அரை நொடி. பதினெட்டு. மட்டை பின்னால் போனது. பழைய பயம் பழக்கதோஷத்தில் ஒரு தரம் நெஞ்சில் எட்டிப் பார்த்தது, வந்த வழியே போனது. பந்து வந்தது, சின்ன முகம் இடப்பக்கம் பாய்ந்தது, கால்பட்டையில் பட்டுப் பந்து வெளியே தெறித்தது, எல்லாம் ஒரே ஓட்டமாக, ஒரு இழை பிசகாமல். தெருவிலிருந்து கத்தல் எழும்பி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது, டீக்கடையோ, சலூனோ, எல்லாமோ. உடனே போன் அடித்தது. எடுத்தால் வெறும் இரைச்சல், நாற்பது ஐம்பது பெண்கள் ஒரே நேரத்தில் கத்துகிற இரைச்சல், யாரோ தட்டில் கரண்டியால் அடிக்கிறார்கள், அதற்குள்ளிருந்து மாடத்தியின் குரல், அழுகிறதா சிரிக்கிறதா தெரியவில்லை. "பாத்துட்டேம்மா! புடிச்சிட்டா எம் மக! ஒரு எடத்துலகூட நிக்கலம்மா படம்!"

செண்பகவல்லி திரையின் மூலையைப் பார்த்தாள். 41,872.

"இனி நிக்காதுக்கா" என்றாள்.